சொந்த வீட்டுக்கு இரண்டு மார்க் குறைவு

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கரும்பலகை இருந்தது. வருடம் முழுக்க அதில் அப்பாவின் வேதியியல் சமன்பாடுகள் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு அடுத்து வரும் சனிக்கிழமை மட்டும் அவற்றை அழித்துவிட்டு அம்மாவின் அவமானத்தை எழுதுவார்கள்.

அப்பா பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். இரும்புலியூரில் ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி எங்கள் வீடு. சாயங்காலம் ஹாலில் டியூஷன் நடக்கும், அதற்காகத்தான் பலகை. விடைத்தாள் திருத்துவதில் அப்பாவுக்குத் தாம்பரம் முழுக்கப் பெயர். அரை மார்க்குக்காக அழுதுகொண்டு வந்த பெற்றோரைக் கூட நிற்க வைத்துப் பேசி அனுப்பியவர். அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார். இப்படிப்பட்டவர் கையில் சாக்பீஸும் ஒயினும் ஒன்றாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் எண்பதுகள் பூராவும் நாங்கள் பார்த்தோம்.

எங்கள் சபையில் மதுவுக்கு எதிராக வருடம் இரண்டு பிரசங்கமாவது உண்டு. வீட்டில் போடும் கிறிஸ்துமஸ் ஒயின் அந்தக் கணக்கில் வராது என்பது போதகர் உட்பட எல்லோரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு. நவம்பர் பிறந்ததும் அம்மா மார்க்கெட்டிலிருந்து கறுப்புத் திராட்சை வாங்கி வருவாள். கழுவி, துடைத்து, ஊறுகாய் ஜாடியில் போட்டு, மரக்கரண்டியால் மசித்து, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கை கோதுமை, பட்டை, கிராம்பு சேர்த்துத் துணியால் வாயைக் கட்டி, அரிசி மூட்டைக்குப் பின்னால் இருட்டில் வைப்பாள். தினமும் குளித்துவிட்டு வந்துதான் கிளறுவாள். டிசம்பரில் வடிகட்டி, சர்க்கரையைக் கருக்கி நிறத்துக்குச் சேர்த்து, பழைய ஸ்குவாஷ் பாட்டில்களில் ஊற்றுவாள். இதில் எதிலும் அப்பா விரலைக்கூட வைத்ததில்லை. ஆனால் அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்கிற உரிமை அவருடையது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பேங்க் அங்கிளும் ரயில்வே அங்கிளும் வருவார்கள். பேங்க் அங்கிள் எங்கள் தெருவிலேயே குடியிருந்த அதிகாரி. ரயில்வே அங்கிள் கார்டாக இருந்தவர், பிறந்து வளர்ந்தது ராயபுரம், பேச்சிலிருந்து அது கடைசிவரை போகவில்லை. சபையிலிருந்து இன்னும் ஓரிரு குடும்பங்கள் வரும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாட்டில். பாட்டில்களுக்குச் செய்தித்தாளைச் சுற்றி, மேலே எண் எழுதி மேசையில் வரிசையாக வைப்பாள் அம்மா. யார் வீட்டு ஒயின் என்று தெரியாமல் மார்க் போட வேண்டுமாம். ஆண்கள் ஹாலில் உட்கார்ந்து குடிப்பார்கள். அதைப் போட்ட பெண்கள் சமையலறையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

மார்க் எத்தனைக்குப் போடுவது என்பதிலேயே பாதி மத்தியானம் போய்விடும். அப்பாவுக்கு இருபது. பேங்க் அங்கிளுக்கு நூறு. அவருடைய தம்பி அமெரிக்காவில் இருந்தார், அங்கே ஒயினைப் பற்றி வரும் பத்திரிகைகளிலிருந்து பக்கங்களைக் கிழித்து அனுப்புவார். அதை வைத்துக்கொண்டு பேங்க் அங்கிள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடி, "புகையிலை... ஓக் மரம்... கொஞ்சம் தோல்" என்பார்.

"தோலை யாருய்யா நக்கிப் பார்த்தது?" என்பார் அப்பா.

"அங்க அப்படித்தான் சார் எழுதறாங்க. அது டேஸ்டிங் நோட். அப்புறம் நூறுங்கறது முழு நூறு இல்ல. ஐம்பதுலதான் ஆரம்பிக்கும்."

"வெறும் பாட்டிலைக் கொண்டு வந்து வெச்சாலும் ஐம்பதா? பேர் எழுதினதுக்கே பாஸ் போடற ஊரா அது?"

ரயில்வே அங்கிளுக்கு எண்ணே கிடையாது. அவரிடம் மூன்று வார்த்தைகள் இருந்தன. நன்றாக இருந்தால் "ஊத்து." சுமாராக இருந்தால் "போதும்." மோசமாக இருந்தால் "கொட்டு." அதை இருபதுக்கு மாற்றிச் சொல்லும்படி அப்பா வருடா வருடம் மன்றாடுவார். "இன்னா வாத்யாரே பேஜார் பண்றே, நாக்கு இன்னா பரிட்சையா எய்துது?" என்று அவர் கிளாஸை நீட்டுவார். நான் பார்த்த வரையில் அந்த மூன்று பேரில் ஒயினைக் குடிக்க வந்தவர் அவர் ஒருவர்தான். கடைசியில் சாக்பீஸ் அப்பாவிடம் இருந்ததால் அப்பாவின் எண்தான் பலகையில் ஏறும்.

எண்ணோடு நின்றால் பரவாயில்லை. விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதுவதுபோல அப்பா ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு குறிப்புச் சொல்வார். "இருமல் மருந்து. ராத்திரி ரெண்டு ஸ்பூன் குடிச்சா தூக்கம் வரும்." "ஈரத் துணியை மடிச்சு வெச்ச பீரோ." "சர்க்கரையைத் தவிர வேற எதுவும் இதுல இல்ல." ஹாலில் சிரிப்பு வெடிக்கும். பிறகு பேப்பரைப் பிரிப்பார்கள். எந்த வீட்டுப் பாட்டிலோ அந்த வீட்டுப் பெண் சமையலறையிலிருந்து வந்து, பலகையைப் பார்த்து, பாட்டிலை எடுத்துக்கொண்டு போக வேண்டும். போகும்போது சிரிக்கவும் வேண்டும். சிரிக்காமல் போனால் 'ஸ்போர்ட்டிவாக எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை' என்பார்கள். பேங்க் ஆன்ட்டி ஒரு வருடம் எங்கள் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு முகம் கழுவி வந்து கேக் வெட்டிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு விஷயம் இதைவிட மோசம். அம்மாவின் ஒயினை அப்பா எத்தனை பேப்பர் சுற்றினாலும் கண்டுபிடித்துவிடுவார். ஒரு சிப் போதும். "இது என் வீட்டுது. அதனால ரெண்டு குறைச்சுக்கறேன்" என்பார். முதலில் ஒரு எண்ணை எழுதி, எல்லோரும் பார்க்கும்படி உள்ளங்கையால் அதை அழித்து, இரண்டு குறைத்து எழுதுவார். பாரபட்சம் காட்டவில்லை என்று நிரூபிக்க வேண்டுமாம். அவருக்கு அது ஏறக்குறைய ஜெபம் மாதிரி. மற்றவர்களும் இதைப் பெரிய தர்மமாக எடுத்துக்கொண்டார்கள். பேங்க் அங்கிள் தன் வீட்டு பாட்டிலுக்கு நூறில் இரண்டு குறைத்தபோது, "உங்க நூறுல ரெண்டு என்ன குறைப்பு? பத்து குறைங்க" என்று அப்பா சண்டை போட்டுப் பத்தைக் குறைக்க வைத்தார். உள்ளே பேங்க் ஆன்ட்டி மிக்சர் தட்டை நங்கென்று வைத்த சத்தம் கேட்டது.

ஒரு வருடம் ரயில்வே அங்கிளின் பேத்திக்கு ஞானஸ்நானத்தில் அப்பா ஞானத்தகப்பனாக நின்றார். அந்த வருடக் கடைசியில் அவர்கள் வீட்டு பாட்டிலுக்கும் இரண்டைக் குறைத்து எழுதிவிட்டு, "இனிமே இதுவும் என் வீடு" என்றார். ரயில்வே அங்கிள் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியதாக அப்பா பிற்பாடு அடிக்கடி சொல்வார். ஆக, எங்கள் ஹாலில் மார்க் குறைவது ஒரு கௌரவம் ஆகிவிட்டது. குறைத்தால் சொந்தம், குறைக்காவிட்டால் அந்நியம். இப்படி ஒரு கூத்தை மூன்று படித்த ஆண்கள் உட்கார்ந்து உண்டாக்கி, அதற்குள் தாங்களே குடியும் ஏறினார்கள்.

அம்மாவுக்குப் பதிமூன்றுக்கு மேல் வந்ததே கிடையாது. அதாவது அப்பாவின் நாக்கு பதினைந்து என்று சொன்ன வருடத்தில் பலகை பதிமூன்று என்றது. அம்மா வந்து பார்ப்பாள், சிரிப்பாள், பாட்டிலை எடுத்துப் போவாள். அடுத்த நவம்பரில் மறுபடி குளித்துவிட்டு ஜாடியைக் கிளறுவாள். எனக்கு அவள் மேலும் கோபம் வரும்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஏழு வயது மூத்தவள். கிண்டியில் ஒரு அலுவலகத்தில் வேலை. நல்ல உயரம், நல்ல கறுப்பு, நன்றாகப் பாடுவாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களும் மார்க்தான் போட்டார்கள், பலகை மட்டும்தான் இல்லை. நிறத்துக்கு ஒருவர் குறைத்தார். உயரத்துக்கு ஒருவர் குறைத்தார். "பொண்ணு வேலைக்குப் போறதால நிமிர்ந்து பேசுது" என்று ஒரு வீட்டில் குறைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள்தான் கேக் தட்டையும் காபியையும் ஏந்திக்கொண்டு ஹாலுக்கு வந்தாள், அவளேதான் காலி டம்ளர்களைக் கழுவினாள். அப்பா அவர்கள் சொன்ன காரணங்களைக் கேட்டு, "அவங்க அளவுகோல் அவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் கட்டைப் பிரிப்பார்.

பிறகு பல்லாவரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. எண்பதுகள் முடிகிற சமயம். பையன் மத்திய அரசு அலுவலகத்தில் இருந்தான். பையனின் அம்மாவுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அந்த அம்மாள் அக்காவை மேலிருந்து கீழாகப் பார்த்து, எங்கள் எல்லோர் முன்னாலும், "நிறம் மட்டுதான். இருக்கட்டும், பிறக்கிற பிள்ளைங்க அவங்கப்பா மாதிரி வரட்டும்" என்றாள். ஆனாலும் சரி என்றாள். பையன் அக்காவை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அது போதுமானதாக இருந்தது போலிருக்கிறது. அதற்குப் பிறகு சாயங்காலங்களில் அவன் கிண்டி ஸ்டேஷனுக்கு வந்து நிற்பான். இரண்டு பேரும் தாம்பரம் வண்டிகளை ஒவ்வொன்றாகப் போக விட்டுவிட்டு பிளாட்பாரத்தில் பேசிக்கொண்டு நிற்பார்களாம். அக்கா வீட்டுக்கு நேரம் கழித்து வந்து, யாரும் கேட்காமலேயே, "வண்டி லேட்டு" என்பாள். முகத்தைப் பார்த்தால் வண்டி லேட்டான முகம் இல்லை.

பொங்கல் கழிந்ததும் நிச்சயம், அதன்பின் கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பது என்று பேச்சு. துணி தைத்துக்கொண்டிருந்த அக்கா ஒரு நாள் என்னிடம், "இது மட்டும் தட்டிப்போச்சுன்னா இனிமே நான் எவன் முன்னாலயும் தட்டு தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன். சொல்லிட்டேன்" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த டிசம்பரில்தான் பேங்க் அங்கிளுக்கு அந்த யோசனை தோன்றியது. "சம்பந்தி வீட்டையும் சனிக்கிழமை கூப்பிடுங்க சார். அந்தம்மா ஒயின் போடுவாங்களாம், திருநெல்வேலி ஒயின், நாமளும் பார்ப்போமே" என்றார். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அம்மா அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது கேட்டாள்.

"இந்த ஒரு வருஷம் போர்டு வேண்டாங்க. சும்மா குடிச்சிட்டு, கேக் சாப்பிட்டுப் போகட்டும்."

"போர்டு இல்லாம அதுக்குப் பேர் என்ன? சாராயக்கடையா?"

"அப்ப அவங்களுக்கு மட்டும் ஒரு பதினஞ்சாவது..."

"நியாயமாப் போடுவேன்" என்றார் அப்பா.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அம்மா அடுத்த கரண்டி சோறு போடாமல் நின்றாள். நியாயம் என்று அவர் சொன்னால் யாருக்கோ அடி விழப் போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

பல்லாவரத்திலிருந்து பையன், அவன் அப்பா, அம்மா மூன்று பேரும் வந்தார்கள். எங்கள் ஹாலின் சரித்திரத்தில் முதல்முறையாக ஒரு பெண்மணிக்கு ஆண்களோடு நாற்காலி போடப்பட்டது. அந்த அம்மாள் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். கூடையிலிருந்து பாட்டிலை எடுத்து அம்மாவிடம் கொடுக்கும்போது, "எங்க அம்மா பக்குவம். அவங்க போன பிறகு இந்த ருசி என் கையில மட்டும்தான் இருக்கு. எங்க பழைய போதகர் மாற்றலாகிப் போனப்பகூட ரெண்டு பாட்டில் கேட்டு வாங்கிட்டுப் போனார்" என்றாள். அம்மா அதற்குப் பேப்பர் சுற்றி நான்கு என்று எழுதினாள். அக்கா சமையலறைக் கதவுக்குப் பின்னால், தானே தைத்த புது ரவிக்கையைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

முதல் பாட்டில் பேங்க் அங்கிள் வீட்டுடையது. இரண்டாவது எங்களுடையது. அப்பா முகர்ந்ததுமே, "என் வீடு" என்று அறிவித்து, பதினான்கு எழுதி, அழித்து, பன்னிரண்டு ஆக்கினார். அந்த அம்மாளும் ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை மூட்டை கவிழ்ந்துட்டுது போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு விளையாட்டு பிடித்துப்போனது. மூன்றாவது பாட்டிலுக்கு, "பினாயிலு" என்றாள். ரயில்வே அங்கிளே அசந்துபோய், "அம்மா சோக்கா சொல்லுது வாத்யாரே" என்றார். அது அவர் வீட்டு பாட்டில்.

நான்காவது வந்தது. அப்பா கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். குடித்தார். வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். எனக்கு அந்த முகம் தெரியும். கிராம்பு அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த மேசைக்கு இதுவரை வராத ருசி, அது யாருடையது என்பதும் தெரிந்துவிட்டது. ஒரு மனுஷன் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க எத்தனையோ வழி இருக்கிறது. இருமலாம். தண்ணீர் கேட்கலாம்.

"கிராம்பு. கிராம்பு. மறுபடியும் கிராம்பு" என்றார் அப்பா. "யாருக்குப் பல் வலி? பின்னால மழையில நனைஞ்ச கோணி. திராட்சைன்னு ஒண்ணு உள்ள விழுந்திருக்கணும், தேடிப் பார்க்கணும்."

பழக்க தோஷத்தில் பேங்க் அங்கிள் சிரித்தார். ரயில்வே அங்கிள் கிளாஸைக் கீழே வைத்து, "கொட்டு" என்றார். அவருக்கு உண்மையிலேயே யாருடையது என்று தெரியாது.

அப்பா எழுந்து போய்ப் பதினொன்று என்று எழுதினார். பையனின் அம்மா இன்னும் பாதிச் சிரிப்போடுதான் உட்கார்ந்திருந்தாள். கிராம்பு என்ற சொல்லிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும், ஆனால் தன்னுடையதை அப்படி ஒருவர் சொல்வார் என்று நம்பியிருக்க மாட்டாள். அப்பா திரும்பி எல்லோரையும் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு. உள்ளங்கையால் பதினொன்றை அழித்தார். பெரிதாக ஒன்பது என்று எழுதினார்.

"சம்பந்தி வீடு," என்றார். "இனிமே அது எங்க வீடு. அதனால ரெண்டு குறைச்சுட்டேன்."

சொல்லிவிட்டு, கை குலுக்க வருவார்கள் என்று நின்றார். ரயில்வே அங்கிள் வந்தாரே, அதேபோல வருவார்கள் என்று நினைத்தார். சாக்பீஸ் தூள் படிந்த கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கூட வைத்திருந்தார். இன்றைக்கும் அந்தக் கை என் கண்ணில் நிற்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். தன் மனதில் இருந்ததிலேயே மிகப் பெரிய மரியாதையை அந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு நின்றார் அவர்.

யாரும் எழவில்லை. பேங்க் அங்கிள் அவசர அவசரமாக அந்தச் சட்டத்தை விளக்க ஆரம்பித்தார். "இல்லம்மா, குறைச்சா மரியாதை, சொந்தம்னா ரெண்டு குறைப்போம், இல்லாட்டி உங்களுக்குப் பதினொண்ணு..."

"பதினொண்ணு" என்றாள் அந்த அம்மாள். "எத்தனைக்கு?"

"இருபதுக்கு."

"பாஸா?"

அவள் எழுந்து போய்த் தானே பேப்பரைப் பிரித்து, தன் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகிக் கூடையில் வைத்தாள். "எங்க அம்மா கல்லறையில தூங்குறாங்க. அவங்களை எழுப்பிக் கோணின்னு சொல்லிட்டீங்க" என்றாள். சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் சிரிக்காமல் பாட்டிலை எடுத்துப்போன ஒரே பெண் அவள்தான், அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவள்மேல் மரியாதை உண்டு.

பையன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்ததிலிருந்து போகிறவரை அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கதவுக்குப் பின்னால் அக்கா நிற்பது அவனுக்குத் தெரியும், அவள் புடவைத் தலைப்பு வெளியே தெரிந்தது. கிண்டியில் அத்தனை வண்டிகளைப் போகவிட்டவன் அன்றைக்கு அம்மாவுக்குப் பின்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் வண்டியைப் பிடிக்கப் போனான்.

அவர்கள் போன பிறகு அப்பா கேட்டதைச் சொல்லாமல் விட முடியாது. "ரூல் புரியலைன்னா கேட்டிருக்கலாமே? அந்த ஒயினுக்குப் பதினொண்ணே ஜாஸ்தி."

புது வருடம் பிறந்த கையோடு போதகரின் மனைவி மூலம் செய்தி வந்தது. பையனுக்கு இப்போது கல்யாண யோசனை இல்லையாம். அதோடு விட்டிருக்கலாம். அந்த அம்மாள் சொன்னதை அவள் ஒரு வார்த்தை குறையாமல் அம்மாவிடம் ஒப்பித்தாள். "உங்க பொண்ணுக்கு நாங்க மார்க் போட்டிருந்தா ஒம்பதுகூடத் தேறியிருக்காது. மனசு இரங்கி வந்தோம். அதுக்கு இதுதான் கிடைச்சுது." அக்கா அடுத்த அறையில் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டு ஹாலுக்கு வந்தாள்.

பலகையில் அந்த ஒன்பது அப்படியே இருந்தது. அம்மா ஈரத் துணியோடு அதை அழிக்கப் போனாள். அக்கா துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சாக்பீஸ் எடுத்து, ஒன்பதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, வாத்தியார்கள் எழுதுவதுபோலப் பக்கத்தில் 'அழிக்காதே' என்று எழுதினாள்.

அப்பா அழிக்கவில்லை. டியூஷன் தொடங்கியதும் மீதி இருந்த இடத்தில் சமன்பாடுகளை நெருக்கி நெருக்கி எழுதினார். சார், இது எந்தக் கேள்விக்கு விடை என்று பிள்ளைகள் கேட்டால், பாடத்தைப் பார் என்பார். தினமும் சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்னால் பலகையைப் பார்ப்பாள். கட்டம் மங்கினால் மறுபடி எழுதுவாள். பல மாதம் இப்படிப் போயிற்று. மழைக்காலத்தில் சுவர் ஓதம் பிடித்துப் பலகையைக் கழற்றிக் கறுப்புப் பெயின்ட் அடித்தபோதுதான் ஒன்பது போயிற்று.

அடுத்த டிசம்பரிலும் கூடினார்கள். ஒருவருக்கும் கூச்சமில்லை. பேங்க் அங்கிள் புதுப் பக்கங்களோடு வந்தார், அதில் ஐந்து நட்சத்திரக் கணக்கு இருந்ததாம், இருபதா நட்சத்திரமா என்று வழக்கம்போல் சண்டை. அக்கா அந்தச் சனிக்கிழமைகளில் தலைவலி என்று படுத்துக்கொள்வாள். இன்னும் இரண்டு மூன்று வரன்களைத் தரகர் கொண்டு வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். எவன் முன்னாலும் தட்டு தூக்கிக்கொண்டு வந்து நிற்கவில்லை. நான் கல்யாணமாகிக் குரோம்பேட்டைக்குப் போனேன், அவளுக்கு முன்னால்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். சர்க்கரை வியாதி. கண்ணும் மங்கல். டியூஷன் நின்றது, பலகை மட்டும் சுவரில் இருந்தது. பேங்க் அங்கிள் முடிச்சூரில் மனை வாங்கி வீடு கட்டிப் போயிருந்தார், ஆனாலும் அந்த நாளுக்கு ஸ்கூட்டரில் வந்துவிடுவார். அம்மாவுக்கு மூட்டுவலி வந்து ஜாடியைத் தூக்க முடியாமல் போனது. வீட்டைத் தாங்கியது அக்காவின் சம்பளம், அப்பாவுக்கு ஊசி போட்டது அக்காவின் கை. அந்த நவம்பரில் ஒருவரும் கேட்காமலேயே அவள் திராட்சை வாங்கி வந்து ஜாடியில் போட்டாள். குளித்துவிட்டெல்லாம் கிளறவில்லை. ஆபீஸிலிருந்து வந்த கையோடு, பையைத் தோளில் மாட்டியபடியே கிளறுவாள் என்று அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

நானும் அந்தச் சனிக்கிழமைக்கு வந்திருந்தேன். மூன்றே பாட்டில்கள். அக்காவுடையது மூன்றாவது. டாக்டர் கூடாது என்று சொல்லியிருந்தும் அப்பா ஒரு வாய் குடித்தார். பிறகு கிளாஸைத் திரும்பவும் முகர்ந்தார். எல்லோரும் கிண்டலுக்காகக் காத்திருந்தோம்.

"நாவப்பழம்" என்றார். "கொஞ்சம் துவர்ப்பு. அப்புறம் ஒரு... இருங்க. விழுங்கின பிறகுதான் வருது. மழைக்கு முன்னால எழும்புமே மண் வாசனை. இனிப்பே இல்ல. ஆனா குறையாத் தெரியல." கிளாஸைக் கீழே வைத்தார். "இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

"ஊத்து" என்றார் ரயில்வே அங்கிள். "பாட்டில்ல இன்னும் கீதா?"

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் பலகையில் பதினெட்டு என்று எழுதினார். அத்தனை வருடத்தில் அந்த எண்ணை அவர் எழுதியதே இல்லை. பேங்க் அங்கிள், "சார்! உங்க கையால பதினெட்டுன்னா அது என் கணக்குல நூறுக்கு மேல" என்று கத்தினார். அப்பா அதை அழிக்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி நின்றார். அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அவருக்குத் தெரிந்த ஒரே பாஷையில் மன்னிப்புக் கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற அம்மா, "பதினெட்டா" என்று முனகினாள். அவள் குரலில் சந்தோஷம் இல்லை. பதிமூன்றைத் தாண்டாத ஒருத்தியின் வயிற்றெரிச்சல்தான் இருந்தது, நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். பலகையைப் பார்த்தாள்.

"யாரோட பாட்டில்னு தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

"தெரியும்மா."

"ரெண்டு குறைச்சீங்களா?"

"இல்லம்மா" என்றார் அப்பா. சிரிக்க முயன்றார். "குறைக்கல. உனக்குக் குறைக்க மாட்டேன்."

"ஏன்? சொந்த வீட்டுக்குக் குறைப்பீங்களே. அம்மாவுக்குக் குறைச்சீங்க. பல்லாவரத்துக்காரங்களுக்கே குறைச்சீங்க, அவங்க வீட்டுக்குள்ள நான் காலடி வைக்கறதுக்கு முன்னால." அவள் குரல் உயரவே இல்லை. ஆபீஸில் யாரிடமோ ஒரு சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். "அப்ப நான் யாரு, இந்த வீட்டுல?"

பேங்க் அங்கிள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரயில்வே அங்கிள் அவர் தொடையில் கையை வைத்து அழுத்தினார்.

அப்பா பலகைப் பக்கம் திரும்பினார். பிறகு உள்ளங்கையை வைத்துப் பதினெட்டை மெதுவாக அழித்தார். தடவித் தடவிப் பதினாறு என்று எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

அக்கா அவர் விரலிலிருந்து சாக்பீஸை வாங்கினாள். பதினாறைச் சுற்றி ஒரு கட்டம் போட்டாள். பக்கத்தில் 'அழிக்காதே' என்று எழுதிவிட்டு, மேசையிலிருந்த கிளாஸ்களைக் கழுவ உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.